மலை வண்டியும் மறந்த கைகளும்

சித்தியவானில் இருப்புப்பாதை இல்லை. புகைவண்டி ஏற விரும்பும் நம்மவர் ஈப்போ போன்ற ஊர்களுக்குச் சென்றே ஏறுதல் வேண்டும். அத்தகைய ஊரிலிருந்துகொண்டு புகைவண்டியைப் பற்றி எழுதப் புகுந்தது எது கருதி என நேயர்கள் வினவுதல் கூடும். தோட்டத்துப் பெரியோர் இருப்புப்பாதையைக் 'கம்பிச்சடக்கு' என்பர். அச்சொல்லை இன்றும் முதியோர் வாயிற் கேட்கலாம். பள்ளிப் புத்தகத்தினின்று வந்த சொல்லன்று அது. கம்பியைத் தோளிற் சுமந்தவர் தமக்குத் தாமே படைத்துக்கொண்ட சொல். சொல் இருக்கின்றது, சுமந்தவர் யாவர் என்பதை மறந்துவிட்டோம். அம்மறதியைப் பற்றிச் சில கூறவே இதனை எழுதுகின்றோம்.

மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை நம் பேராக் மாநிலத்தில்தான் பிறந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை, ஏறக்குறைய 8 மைல் நீளத்தில் அமைந்த அப்பாதை 1885 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பெற்றது. லாருட் பகுதியின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லுதலே அதன் நோக்கம். அதனை அமைக்க இலங்கையினின்று பயனியர் படை என்னும் தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. சேற்றிலும் கண்டற்காட்டிலும் நின்று மண்ணை நிரப்பிக் கட்டைகளை அடுக்கிக் கம்பியைப் பொருத்தினோர் அன்னவரே. பின்னர்த் தாப்பா ரோடிலிருந்து தெலுக் ஆன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான், வரை 1893 இல் ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது.

அவ்விரண்டும் இன்று இல்லை. போர்ட் வெல்ட் என்னும் பெயரும் மாறிக் கோலா செப்பெத்தாங் ஆயிற்று. அங்கே எஞ்சி நிற்பது நிலையத்தின் பெயர்ப்பலகை. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்னும் நான்கு எழுத்திலும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடலுணவு உண்ண வருவோர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். யாமும் நின்று பார்த்தோம். தமிழ் எழுத்தைக் கண்டதும் உள்ளம் மகிழ்ந்தது. ஆனால் அப்பலகை எம்முடன் ஒன்றும் பேசவில்லை. வண்டி எப்படி ஓடிற்று, யார் ஓட்டினார், மழைநாளில் யார் பாதையைக் காத்தார் என்பனவற்றை அதனிடம் கேட்டறிய வழியில்லை. பெயரைக் காத்தோம், தொழிலைக் காக்கவில்லை.

இக்குறை உள்ளத்தில் உறுத்திக்கொண்டிருந்தமையின், தமிழ்நாடு சென்றிருந்த காலை நீலகிரி இருப்புப்பாதையைக் காண விழைந்தோம். மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வழியாக உதகமண்டலம் செல்லும் அம்மலைப்பாதையை நம்மவரில் அறியாதார் சிலரே. படக்காட்சிகளில் அதனைப் பலமுறை கண்டிருப்பர். 1998 இல் வெளிவந்த 'உயிரே' படத்தில் வண்டியின் மேற்கூரையில் ஆடிப்பாடிச் செல்லும் காட்சி அப்பாதையில் எடுக்கப்பட்டதே. மலேசியாவினின்று சுற்றுலாச் செல்வோர் பலரும் அதில் ஏறி இறங்கி, குளிரையும் தேயிலைத் தோட்டத்தையும் புகழ்ந்து மீளுகின்றனர். நாம் புகழ வேண்டியது குளிரையன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு தொழில் அங்கே இன்றும் நாள்தோறும் நடந்துவருகின்றது, அதுவே காணத்தக்கது.

முதலில் அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். நீலகிரிக்கு இருப்புப்பாதை வேண்டுமென்ற எண்ணம் 1854 இலேயே எழுந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கத்தினராதலின் அவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. மலையின் செங்குத்து அதற்குக் குறுக்கே நின்றது. சுவிட்சர்லாந்து தேசத்தில் ரிகி மலைமீது 1871 இல் பற்சட்டப் பாதை அமைத்துப் புகழ்பெற்ற ரிக்கன்பாக் என்னும் எஞ்சினியர் 1882 இல் நீலகிரிக்கு வந்து ஆராய்ந்தார். அவர் திட்டத்துக்குப் போதிய முதல் திரளவில்லை. பின்னர் அமைந்த கம்பெனி ஒன்று அப்ட் என்பார் கண்ட முறையைக் கைக்கொண்டது. 1891 இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். 1894 இல் அக்கம்பெனியும் முறிந்தது. 1896 இல் புதிய கம்பெனி தோன்றி வேலையைத் தொடர்ந்தது. 1899 ஆம் ஆண்டு ஜூன் 15 இல் குன்னூர் வரை வண்டி ஓடிற்று. 1903 இல் சர்க்கார் அதனை விலைக்கு வாங்கினர். 1908 இல் பாதை உதகமண்டலத்தை எட்டிற்று.

எண்ணம் எழுந்ததற்கும் வண்டி உச்சியை எட்டியதற்கும் இடையே 54 ஆண்டுகள். இவ்வரலாற்றில் பிரபுவின் பெயர் உண்டு. எஞ்சினியர் பெயர் உண்டு. கம்பெனிகளின் பெயரும் உண்டு. காய்ச்சல் மலிந்த கல்லாற்று அடிவாரக் காட்டில் பாறையைப் பிளந்தவர், குகை குடைந்தவர், கூடையில் மண் சுமந்த பெண்டிர் ஆகியோருள் ஒருவர் பெயரேனும் நிலையங்களில் எம் கண்ணிற் படவில்லை. முதல் மண்ணை வெட்டிய கவர்னர் ஒரு மண்வெட்டி மண்ணையே வெட்டியிருப்பார். எஞ்சிய மலையை வெட்டியவர் யாவர்?

பாதையின் அமைப்பைக் கூறாமல் அத்தொழிலின் அருமை விளங்காது. மொத்த நீளம் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். வளைவுகள் 208, குகைகள் 16, பாலங்கள் 250. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் 326 மீட்டரில் உள்ளது. உதகை நிலையம் 2,203 மீட்டரில் உள்ளது. மேட்டுப்பாளையத்தினின்று கல்லாறு வரை பாதை பெரும்பாலும் சமதரை. கல்லாற்றினின்று குன்னூர் வரையிலுள்ள பகுதியே கடினமானது. அங்கே பன்னிரண்டரை அடி முன்சென்றால் ஓரடி மேலேறும் செங்குத்துண்டு. வழுவழுப்பான இருப்புச் சக்கரம் வழுவழுப்பான இருப்புக் கம்பியின்மீது அச்சரிவில் நில்லாது, வழுக்கும். இதற்கு மருந்தாக, இரு கம்பிகட்கும் நடுவே பல் வெட்டிய இரு சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல் இருக்குமிடத்து மற்றதன் பள்ளம் இருக்கும்படி அவை அமைந்துள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அச்சட்டங்களைக் கவ்விக் கவ்வி மேலேறுகின்றன. ஒரு பல் விடும் பொழுது மற்றொரு பல் பிடித்திருக்கும். ஏணியில் ஏறுவோன் ஒரு கையை எடுக்குமுன் மறுகையை உறுதியாகப் பற்றுவதைப் போன்றது இது.

எஞ்சினின் அமைப்பும் அறியத்தக்கது. 'எக்ஸ்' வகுப்பு என வழங்கும் இவ்வெஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை 1914 முதல் செய்து அனுப்பிற்று. அதன் கடைசித் தொகுதி 1952 இல் வந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு நீராவி உருளைகள் உண்டு. சமதரையில் இரண்டு உருளைகள் மட்டுமே சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டப் பகுதிக்குள் புகுந்ததும், முதலிரண்டு உருளைகளில் வேலை செய்து வெளிப்படும் நீராவி வீணாகாமல் மற்றிரண்டு உருளைகட்குள் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒருமுறை உழைத்த ஆவியை மறுமுறையும் உழைக்கச் செய்தல் இதன் நுட்பம். அதன் வேகமோ பற்சட்டப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். சைக்கிளில் செல்வோன் அதனை முந்திவிடுவான்.

எஞ்சின் வண்டியை இழுத்துச் செல்லும் என்பதே நாம் அறிந்தது. இங்கே அது பின்னால் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகின்றது. பெட்டி கழன்றால் பள்ளத்தில் உருண்டு போகாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பது காரணம். ஆதலின் எஞ்சின் ஓட்டுவோர் முன்னே உள்ள பாதையைக் காண்பதற்கில்லை. முதற்பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன் கொடியைக் காட்டுகின்றார். அக்கொடியே ஓட்டுவோரின் கண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் உண்டு. ஊதல் ஒலிக்கேற்பக் கைத்தடையைச் சுழற்றி இறுக்குதலும் தளர்த்துதலும் அவர் தொழில். நான்கைந்து பெட்டிகளில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே உடம்பின் கைகள்போல் இயங்கினாலன்றி வண்டி பிழையாது இறங்காது.

யாம் சென்ற அன்று காலை 7 மணியை ஒட்டி வண்டி மேட்டுப்பாளையத்தை விட்டது. அதற்கு முன்பே, இருள் பிரியாத வேளையில், கொட்டகையில் எஞ்சினுக்குத் தீ வளர்த்திருந்தனர். கொதிகலத்தில் நீர் ஆவியாகி வேண்டிய அழுத்தம் பெறப் பல மணிநேரம் ஆகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் குழாய்கள் கெடும். கல்லாற்றில் பற்சட்டம் தொடங்குமிடத்தில் வண்டி ஏறக்குறைய நின்றுவிடுவதுபோல் மெல்ல ஊர்ந்தது. பல்லோடு பல் பொருந்தும் வேளை அது. அடியில் ஓர் அதிர்வு கேட்டது. பின்னர் எஞ்சினின் மூச்சொலி மாறிற்று. ஹில்குரோவ், ரன்னிமேடு முதலிய நிலையங்களில் வண்டி நின்று நீர் பருகிற்று. பயணிகள் இறங்கித் தேநீரும் வடையும் கொண்டனர். குரங்குகளும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. அந்நேரத்தில் எஞ்சின் ஆட்கள் எண்ணெய்க் குப்பியுடன் குனிந்து சக்கரங்களின் மூட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர். எது மிகையாகச் சூடேறியிருக்கின்றது என்பதை அவர்க்குப் புறங்கை உணர்த்திற்று.

ஹில்குரோவில் பிரேக்மேன் ஒருவருடன் உரையாடினோம். எம் பேச்சைக் கேட்டு, "ஐயாவுக்கு எந்த ஊருங்க?" என்றார். மலேசியா, பேராக் பக்கம் என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எங்க பாட்டனோட கூடப்பொறந்தவரு ஒருத்தரு மலேயாவுக்குப் போனாருங்க. போனவரு போனவருதானுங்க. கடுதாசி ஒண்ணுகூட வரலீங்க" என்றார்.

"எந்தத் தோட்டம் என்று தெரியுமா, தம்பி?"

"அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. பேராக்குன்னு மட்டும் எங்க ஆத்தா சொல்லும்."

"அவர் பெயர் தெரியுமா?"

அவர் தலையை அசைத்தார். அதற்குள் ஊதல் ஒலித்தது. அவர் தம் தடைச்சக்கரத்தண்டை ஓடினார். யாமும் ஏறிக்கொண்டோம். அடுத்த குகைக்குள் வண்டி புகுந்தபொழுது பிள்ளைகள் ஆரவாரித்தனர். எமக்கு அவ்வாரவாரத்தில் கலந்துகொள்ள மனம் வரவில்லை. எம் ஊர்த் தோட்டங்களில் சுடுகாட்டுப் புல்லின் கீழ் அடையாளமின்றிக் கிடப்போருள் அப்பாட்டனாரும் ஒருவராயிருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டினர். குன்னூரினின்று உதகை வரை சரிவு அத்துணைக் கடியதன்று, பற்சட்டமும் அங்கில்லை. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்னும் நிலையங்களைக் கடந்து நண்பகலில் உதகையை அடைந்தோம். பிற்பகல் அதே வண்டி இறங்கும். இறங்குதற்கு நேரம் குறைவு. ஆயினும் கவலை மிகுதி. ஏறும்போது பளுவோடு போராட வேண்டும். இறங்கும்போது அதே பளுவைக் கட்டி வைக்க வேண்டும்.

இத்தொழில் ஒருநாளோடு முடிவதன்று. ஆண்டு முழுதும் அது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் கருதிப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கூட்டம் அலைமோதும். இடம் கிடைத்தல் அரிது. ஆனி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை; அதுவே இப்பாதைக்குக் கண்டம். மண் நெகிழ்ந்து பாறை உருண்டு பாதையின் குறுக்கே வீழும், மரம் சாயும், சிலபோது கம்பியின் கீழுள்ள மண்ணே கரைந்தோடிக் கம்பி அந்தரத்தில் தொங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதை சிதைந்து மாதக்கணக்கில் வண்டி ஓடவில்லை. மார்கழி, தையில் உறைபனி. வெயில், மழை, பனி மூன்றும் இரும்பையும் மரத்தையும் ஓயாது தின்கின்றன.

ஆதலின் பாதையாட்கள் நாள்தோறும் கம்பியோரம் நடக்கின்றனர். தளர்ந்த ஆணியை முடுக்குதல், தேய்ந்த பற்சட்டத்தை மாற்றுதல், அதற்குக் கொழுப்பெண்ணெய் இடுதல், வாய்க்காலைத் தூர்வாருதல், தொங்கும் பாறையை முன்னரே தள்ளிவிடுதல் ஆகியன அவர் கடமை. மழைக்காலத்தில் வாய்க்கால் ஒன்று அடைபட்டால் மலைச்சரிவு ஒன்று வீழும். வண்டியில் அமர்ந்து பாட்டுப் பாடிச் செல்வோர்க்குப் பாதையோரம் மண்வெட்டியுடன் ஒதுங்கி நின்ற ஆளின் முகம் நினைவில் இராது. அவ்வாள் ஒதுங்கி நின்றமையால்தான் இவர் பாட முடிகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எம் இதழைப் படிக்கும் சீர்திருத்த அன்பர் சிலர் கேட்பர்: "இலாபம் தராத பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருத்தல் செல்வர்க்கு விளையாட்டன்றோ? பஸ் விரைவாகச் செல்கின்றது. பழையன கழிதல் வேண்டுமென்று கூறும் நாம் பழைய எஞ்சினைப் போற்றலாமா?" நல்ல கேள்வி. இதனை எளிதில் தள்ளிவிட யாம் விரும்பவில்லை. துரைமார் குளிர் காய அமைந்த பாதை அது; இன்றும் அதில் செல்வோருள் பெரும்பாலார் பொழுதுபோக்கக் செல்வோரே. துரைத்தனத்தின் நினைவைப் போற்றுதற்காக அதனை ஓட்டுவதாயின், நாளையே நிறுத்திவிடினும் எமக்கு வருத்தமில்லை.

ஆனால் பழமை இருவகைப்படும். மனிதனை மனிதன் தாழ்த்தும் பழமை ஒன்று. தென்னாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்ற இழிவு இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் ஓயாது போராடினர். 1941 இல் அது ஒழிந்தது. அவ்வகைப் பழமை கழிந்தே தீர வேண்டும். மனிதன் கையாலும் அறிவாலும் தேடிய திறமை மற்றொரு பழமை. அது கழிந்தால் நாம் வறியராவோம். இரயில் வண்டி இருந்தது. சாதிப் பலகை போயிற்று. எதனை வைத்துக்கொள்வது, எதனை எறிவது என்று தெரிந்து செய்தலே சீர்திருத்தம்.

மேனாட்டிலும் இவ்வுணர்ச்சி வெகு காலத்துக்கு முன்னதன்று. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்னும் சிறு இருப்புப்பாதை 1865 இல் கற்பலகை சுமக்க அமைந்தது. அது மூடப்படும் நிலையில் 1951 இல் பொதுமக்கள் தாமே சங்கம் கூடி, கூலி பெறாது உழைத்து அதனை ஓட்டத் தொடங்கினர். உலகிலேயே தொண்டர்களால் காக்கப்பட்ட முதல் இருப்புப்பாதை அதுவென்பர். இந்தியாவின் டார்ஜீலிங் பாதையை 1999 இலும், நீலகிரிப் பாதையை 2005 இலும், கால்கா-சிம்லா பாதையை 2008 இலும் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. நம் மலேசியாவிலும் சபா மாநிலத்தில் விறகால் எரியும் நீராவி வண்டி ஒன்றைத் தஞ்சோங் ஆருவினின்று பாப்பார் வரை 2000 ஆம் ஆண்டில் ஓட்டத் தொடங்கினர். பட்டமும் பாராட்டும் நல்லனவே. பட்டம் எஞ்சினை ஓட்டாது.

எஞ்சினை ஓட்டுவது எது? இதற்கு விடை திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் உள்ளது. விண்டர்தூர் ஆலை அவ்வெஞ்சின்களைச் செய்தலை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. பழையன தேய்ந்தன. வெளியே வாங்க வழியில்லை. பொன்மலைத் தொழிற்சாலையின் தொழிலாளர் பழைய எஞ்சினைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, வார்த்து, கடைந்து, 2011 முதல் எண்ணெயால் எரியும் புதிய நீராவி எஞ்சின்களைத் தாமே செய்தனர். 2021 இல் நிலக்கரியால் எரியும் எஞ்சினையும் செய்து வெளியிட்டனர். உலகமெங்கும் நீராவி எஞ்சின்கள் அரும்பொருட்சாலைக்குச் சென்றுகொண்டிருக்கும் காலத்தில், தமிழ்த் தொழிலாளர் கைகள் புதிய நீராவி எஞ்சினைப் படைத்தன. இச்செய்தியைக் கேட்டபொழுது எமக்குண்டான பெருமிதம் கோபுரங்களைக் கண்டும் உண்டானதில்லை.

அப்பொன்மலைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அதனை மறத்தல் நன்றன்று. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்த தன் தொழிற்சாலைகளைப் பொன்மலையில் ஒன்றாக்க முற்பட்டது. ஆட்குறைப்பும் உடன் வந்தது. அதனை எதிர்த்து 1928 இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் அதில் முன்னின்றார். அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1946 செப்டம்பர் 5 இல் பொன்மலைத் தொழிலாளர்மீது போலீசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். இன்று எஞ்சின் வார்க்கும் கைகள் அன்று உரிமை கேட்ட கைகளின் வழிவந்தவை. தொழிலைக் காத்தவரும் தொழிலாளியின் மானத்தைக் காத்தவரும் ஒரே கூட்டத்தாரே.

நாகப்பட்டினம் என்றதும் நம் நெஞ்சம் சற்றே நிற்கின்றது. நம் பாட்டன் பாட்டியர் பலர் தம் ஊர்களிலிருந்து அதே தென்னிந்திய ரயில்வே வண்டியில் ஏறி நாகப்பட்டினத்துக் கூலி முகாமில் அடைபட்டு, கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1938 இல் இந்திய சர்க்கார் தடை விதிக்கும்வரை அவ்வொழுக்கு நின்றபாடில்லை. வந்தவர் பால்மரம் வெட்டினர், சடக்கு அமைத்தனர், கம்பிச்சடக்கும் அமைத்தனர். தோட்டங்களில் சிறு தண்டவாளம் இட்டுப் பாலையும் பழத்தையும் ஆலைக்குத் தள்ளினர். நம் கீழ்ப் பேராக்கில் செம்பனைக் குலை சுமக்கும் தோட்டத் தண்டவாளங்களைக் கண்டோர் நம்முட் பலர் உளர்.

அவ்வாறு கம்பி இட்டோரின் கடைசிக் கொடுமை சயாம் மரணப் பாதை. ஜப்பானியர் 1942 இலும் 1943 இலும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர்ப் பாதையை அமைத்தபொழுது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்டோர் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்க்குக் கல்லறை வரிசை வரிசையாக உண்டு. பெரும்பாலான கல்லிற் பெயருண்டு. அப்பாதையின் ஒரு பகுதியில் இன்றும் நாள்தோறும் வண்டி ஓடுகின்றது. பயணிகள் பாலத்தில் நின்று படம் எடுக்கின்றனர். நம்மவர் பெயரை முழுமையாகக் கூறும் பட்டியல் எங்கும் இல்லை. பாலம் காக்கப்பட்டது, பாலத்தை இட்டவன் பெயர் போயிற்று.

நீலகிரி எமக்குக் கற்பித்தது இதுவே. ஒன்றைக் காத்தல் என்பது அதனைக் கண்ணாடிக்குள் வைத்தலன்று. அதனைச் செய்யும் அறிவை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே இருத்தல். மூத்த பிட்டர் இளைய பிட்டருக்குக் காட்டுகின்றார். இளையவர் பத்தாண்டு கழித்து மற்றொருவருக்குக் காட்டுவார். ஒரு தலைமுறை வாய் மூடினால் எஞ்சின் பலகையாகிவிடும். நம் தோட்டத்து வாழ்வு அந்த விளிம்பில்தான் நிற்கின்றது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்களும் வருகின்றன. லயங்கள் இடிபடுகின்றன. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதைக் கேட்டவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர்.

ஆதலின் சித்தியவான், ஆயர் தாவார், லூமுட் வட்டத்துத் தமிழன்பர்க்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தாரும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தத்தம் தோட்டத்து முதியோரிடம் செல்க. கம்பி இட்டவர் யார், சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார், புகைக்கூட்டில் வேலை செய்தவர் யார் எனக் கேட்டுப் பெயரையும் ஊரையும் எழுதுக. தமிழ்நாட்டில் அவர் பிறந்த கிராமத்தின் பெயரையும் கேட்டு எழுதுக. பெயர் மட்டும் போதாது. அவர் தொழிலை எப்படிச் செய்தார் என்பதையும் எழுதுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா, பட்டமும் வேண்டா. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணிநேரம் போதும்.

அவ்வாறு எழுதப்படும் ஏடுகளுள் ஒன்றில், கோவைப் பக்கத்தினின்று பேராக்குக்கு வந்து கடிதம் எழுதாமலே மறைந்த ஒருவர் பெயர் இருக்கக்கூடும். அப்பெயரைக் கேட்கத் தகுந்த ஒருவர் நீலகிரி மலைச்சரிவில் இன்றும் தடைச்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றார். அவருக்கு விடை எழுத வேண்டியவர் நாம்தாம்.